2 லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரும் ஓர் ஆயில் நோட்டும்

அப்பா 2009-இல் புதிதாக வாங்கிய கார் இது. 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். நான்கு சிலிண்டர், 16 வால்வு. அவருக்குப் பிறகு என்னிடம் வந்தபோது 1,70,000 கிலோமீட்டர் தாண்டியிருந்தது. இப்போது 2,14,600. இன்ஜினை இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்காமலே இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் ஒரு நாற்பது பக்க நோட்டு. கார் எவ்வளவு இன்ஜின் ஆயில் குடிக்கிறது என்று மூன்றரை வருடமாக அதில் எழுதி வந்ததைத்தான் இங்கே பகிர்கிறேன்.

2022 ஜனவரியில் வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். பின்சீட்டில் அம்மாவும் மகளும். பதினோராவது கொண்டை ஊசி வளைவில் ஆயில் விளக்கு சிவப்பாக மின்னி அணைந்தது. அடுத்த வளைவிலும் அதேபோல. ஒன்பதாவது வளைவில், ஆழியாறு அணை தெரியும் லோம்ஸ் வியூ பாயின்ட்டில் நிறுத்தி, இன்ஜின் ஆறியதும் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். நுனியில்கூட எண்ணெய் இல்லை. ஆயில் மாற்றி 3,500 கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது. பொள்ளாச்சியிலிருந்து ஒரு தம்பி பைக்கில் ஒரு லிட்டர் கேன் கொண்டுவந்து கொடுத்தார். முழுவதையும் ஊற்றிய பிறகும் எண்ணெய் டிப்ஸ்டிக்கில் குறைந்தபட்ச அளவைக் காட்டும் கீழ்ப் புள்ளிக்குச் சற்று மேலேதான் நின்றது.

அந்த விளக்கைப் பற்றி அன்றுவரை தவறாக நினைத்திருந்தேன். அது ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டியான சம்ப்பில் எண்ணெய் பாதியாகக் குறைந்தாலும் சமதளத்தில் பம்ப்புக்கு எண்ணெய் கிடைத்துக்கொண்டே இருக்கும், விளக்கும் எரியாது. வளைவில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும்போதுதான் மின்னும். அதாவது விளக்கு சொல்லும்போது பேரிங்குகள் ஏற்கெனவே எண்ணெயில்லாமல் சில நொடி சுற்றியிருக்கும். பழைய கார் வைத்திருப்பவர்கள் விளக்கை நம்பி இருக்கக் கூடாது.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருந்து எண்ணெய் மேலே ஏறாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது, இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும், 55,000 ரூபாய் ஆகும் என்றார்கள். சைலன்சரில் விரலை விட்டுப் பார்த்ததைத் தவிர வேறு எந்தச் சோதனையும் செய்யவில்லை. அவ்வளவு பணத்தைப் போடுவதற்கு முன்னால் கார் எவ்வளவு குடிக்கிறது, எப்போது குடிக்கிறது என்று நானே தெரிந்துகொள்ள நினைத்தேன்.

அளப்பது சுலபம் என்றுதான் ஆரம்பித்தேன். முதல் மாதக் கணக்கு முழுவதும் வீணானது. எங்கள் வீட்டு போர்டிகோவில் தண்ணீர் வடிவதற்காகத் தரையை லேசாகச் சரித்திருக்கிறார்கள். காரை முன்னோக்கி நிறுத்தினால் ஓர் அளவு, பின்னோக்கி நிறுத்தினால் வேறோர் அளவு, வித்தியாசம் கிட்டத்தட்ட 200 மில்லி. சூடும் அளவை மாற்றும். எண்ணெய் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.07 சதவீதம் விரியும். மூன்று லிட்டர் எண்ணெய் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் 130 மில்லி அதிகமாகத் தெரியும். ஆனால் இன்ஜினை அணைத்த உடனே பார்த்தால் மேலே ஏறிய எண்ணெய் இன்னும் இறங்கியிருக்காது, அதனால் குறைவாகவும் தெரியலாம். எனவே போர்டிகோவில் முன் டயருக்கு பெயின்டில் ஒரு கோடு போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன், அந்தக் கோட்டில் நிற்கும்போது மட்டும் அளப்பது என்று முடிவு செய்தேன். முதல் முறை உருவியதைத் துடைத்துவிட்டு, இரண்டாம் முறை உருவியதுதான் கணக்கு.

அடுத்து டிப்ஸ்டிக்கையே அளந்தேன். எல்லோரும் செய்ய வேண்டியது இதைத்தான் என்பேன். ஃபில்டரோடு சேர்த்து என் காருக்கு 3.1 லிட்டர் பிடிக்கும். ஆயில் மாற்றிய அன்று 2.2 லிட்டர் மட்டும் ஊற்றச் சொல்லி வீட்டுக்கு மெதுவாக ஓட்டி வந்தேன். மறுநாள் காலை எண்ணெய் சரியாகக் கீழ்ப் புள்ளியில் நின்றது. அங்கிருந்து 100 மில்லி ஊற்றுவது, கால் மணி நேரம் காத்திருப்பது, ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளப்பது என்று ஒன்பது முறை. கீழ்ப் பாதியில் 100 மில்லிக்கு 2 மி.மீ. ஏறியது, மேல் பாதிக்கு வந்ததும் 3 மி.மீ. சம்ப் எல்லா உயரத்திலும் ஒரே அகலம் இல்லை, அதனால்தான். ‘இரண்டு புள்ளிக்கும் நடுவில் இருக்கிறது, பாதி குறைந்துவிட்டது’ என்று சொல்வது எவ்வளவு உத்தேசமானது என்று அப்போது புரிந்தது. இந்த அட்டவணை நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

டாப் அப் செய்யும்போது கேனைச் சமையலறைத் தராசில் முன்னும் பின்னும் நிறுத்துக் கழித்துவிடுவேன். ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில் சுமார் 860 கிராம் இருக்கும். கேனின் பக்கவாட்டுக் கோட்டைப் பார்த்து ஊற்றுவதைவிட இது எவ்வளவோ துல்லியம்.

நோட்டில் தேதி, கிலோமீட்டர், மி.மீ., ஊற்றிய கிராம் என்று நான்கு கட்டம் போட்டிருந்தேன். ஐந்தாவதாக ‘ஓட்டம்’ என்று ஒன்றைச் சேர்த்தேன். அந்த வாரம் கார் எங்கே ஓடியது, ஊருக்குள்ளா, நெடுஞ்சாலையா, மலையா. இந்த ஒரு கட்டம்தான் 55,000 ரூபாயை மிச்சப்படுத்தியது.

முதல் 7,600 கிலோமீட்டரில் ஊற்றியது 3.2 லிட்டர். ஆயிரத்துக்கு 420 மில்லி. சில நிறுவனங்களின் கையேடுகளில் ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர், சிலவற்றில் ஒரு லிட்டர் வரைகூட இயல்பு என்றுதான் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் என் கார் ‘நல்ல’ கார். என்னால் அதை ஏற்க முடியவில்லை, சராசரிக்குள் வேறு விஷயம் ஒளிந்திருந்தது.

ஊருக்குள் மட்டும் ஓடிய வாரங்களில் ஆயில் குறையவே இல்லை. நவம்பர் மழையில் மூன்று வாரம் பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டம் மட்டும். அப்போது அளவு 1 மி.மீ. ஏறியிருந்தது! முதலில் அளந்தது தவறு என்று நினைத்தேன். டிப்ஸ்டிக்கை மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை. இன்ஜின் முழுதாகச் சூடாவதற்குள் அணைத்துவிடுவதால், எரியாத பெட்ரோலும் ஈரமும் சிலிண்டர் சுவர் வழியாக எண்ணெயில் கலக்கின்றன. எரிந்துபோன எண்ணெயின் இடத்தை அவை நிரப்பிவிடுகின்றன. அப்புறம் ஒரு நாள் சென்னைக்குப் போய்த் திரும்பினால், எண்ணெய் நன்றாகச் சூடாகி, கலந்ததெல்லாம் ஆவியாகி, ஒரேயடியாகக் குறைந்ததுபோலத் தெரியும். அந்த டிசம்பரில் 1,080 கிலோமீட்டர் பயணத்தில் 600 மில்லி இறங்கியது. அதில் ஒரு பங்கு நவம்பருடையது. குறுகிய ஓட்டத்தில் ‘ஆயில் குறையவே இல்லை’ என்றால் சந்தோஷப்படுவதற்கு முன் மோந்து பாருங்கள்.

அடுத்தது மலை. வால்பாறைக்குப் போய்வர 128 கிலோமீட்டர், நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு முறையும் 130 முதல் 150 மில்லி போயிருந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் ஒரு லிட்டருக்கும் மேல். ஏறும்போதா இறங்கும்போதா என்று பார்க்க ஒருமுறை இரவு அங்கேயே தங்கி, சமமான இடம் தேடிக் காலையில் அளந்தேன். ஏறியதில் பெரிதாகக் குறையவில்லை. இறங்கியதில்தான் போயிருந்தது. அட்டகட்டி தாண்டி நீண்ட இறக்கத்தில் வந்துவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் நீலப் புகை ஒரு கொத்தாக வருவதைப் பின்வண்டியில் வந்த மைத்துனரும் பார்த்திருக்கிறார்.

இந்த நோட்டை எடுத்துக்கொண்டு, அப்பாவின் காலத்திலிருந்தே தெரிந்த ஒரு பெரியவரிடம் போனேன். முப்பது வருடமாக இன்ஜின் வேலை மட்டும் பார்ப்பவர். பத்து நிமிடம் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“இறங்கறப்ப குடிக்குதுன்னா பெரும்பாலும் மேலிருந்துதான் வருதுங்க தம்பி. வால்வு சீலைப் பாத்துட்டு அப்புறம் ரிங்குக்குப் போலாம்.”

காரணத்தையும் அவரே சொன்னார். இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கும்போது, காற்றை உள்ளே விடும் த்ராட்டில் மூடியிருக்கும், இன்ஜின் மட்டும் வேகமாகச் சுற்றும். சிலிண்டருக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் பலமான வெற்றிடம் உண்டாகும். வால்வுத் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் இறுகிப் போயிருந்தால், அந்த வெற்றிடம் இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டில் நிற்கும் எண்ணெயைத் தண்டு வழியாகக் கீழே இழுக்கும். ரிங் தேய்ந்திருந்தாலும் இப்படி இழுக்கலாம், அதனால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்காமல் எதையும் கழற்றக் கூடாது என்றார். பார்த்தோம். 165, 170, 160, 168 பி.எஸ்.ஐ. சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தால் மூன்றாவதில் மட்டும் 12 ஏறியது, மற்றவற்றில் பெரிய மாற்றமில்லை. ரிங் மோசமாகப் போயிருந்தால் இந்தச் சோதனையில் அழுத்தம் நிறைய ஏறியிருக்க வேண்டும். மூன்றாவது சிலிண்டரின் பிளக்கில் மட்டும் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு.

சீலுக்கு முன் இரண்டு சின்ன வேலைகள். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வைக் குலுக்கினால் ‘கடகட’ என்று சத்தம் வர வேண்டும், எனக்கு வரவில்லை. கசடு அடைத்திருந்தது. இன்ஜினின் மேல் மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங்கிலும் கசிவு. ராத்திரியில் காருக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்து உறுதி செய்துகொண்டேன். இரண்டும் சேர்ந்து 1,400 ரூபாய். அதற்குப் பிந்திய 5,500 கிலோமீட்டரில் ஆயிரத்துக்கு 420 என்பது 320 ஆனது. ஆனால் வால்பாறைக் கணக்கு கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. பெரியவர் சொன்னதுதான் சரி என்று அப்போது தெளிவானது.

2023 ஏப்ரலில், 1,91,500 கிலோமீட்டரில் சீல் மாற்றினார். ஹெட்டை இறக்கவில்லை. பிளக் துளை வழியாகச் சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வு கீழே விழாமல் தாங்க வைத்து, ஸ்பிரிங்கைக் கழற்றிப் பதினாறையும் ஒவ்வொன்றாக மாற்றினார். ஒன்றரை நாள் வேலை, 9,500 ரூபாய். கழற்றிய சீல்களை என் கையில் கொடுத்தார். ரப்பர் என்றே சொல்ல முடியாது, நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக்போல அமுங்காமல் நின்றது.

அடுத்த வால்பாறைப் பயணத்தில் எண்ணெய் அரை மி.மீ.கூடக் குறையவில்லை. அதற்குப் பின் ஓடிய 23,100 கிலோமீட்டருக்கும் சேர்த்து ஊற்றியது 3.2 லிட்டர், ஆயிரத்துக்கு 140 மில்லி. முன்பு இதே அளவு எண்ணெய் 7,600 கிலோமீட்டருக்கே தீர்ந்தது.

மீதியிருக்கும் 140 ரிங்கிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். காரணம், அது முழுவதும் வேகத்தைப் பொறுத்திருக்கிறது. சென்னைக்கு 100, 110 என்று போய்வந்தால் 380 மில்லி. அதே பயணம் 85-இல் போனால் 210. ஒன்றரை மணி நேரம் தாமதமாகும், பரவாயில்லை. இப்போது 85 தான்.

ஆயில் கிரேடையும், அதாவது எண்ணெயின் தடிமனையும், மாற்றிப் பார்த்தேன். 5டபிள்யூ-30-இலிருந்து, கையேட்டிலேயே வெப்பமான ஊர்களுக்கு அனுமதித்திருந்த 10டபிள்யூ-40-க்கு மாறியதில் கொஞ்சம் பலன் தெரிந்தது. பலரும் சொன்னார்களே என்று இன்னும் தடிமனான 20டபிள்யூ-50 ஒருமுறை ஊற்றினேன். ஆயில் செலவு இன்னும் சற்றுக் குறைந்தது உண்மை. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே வால்வுப் பக்கம் கேட்கும் டேப்பெட் சத்தம் முன்பைவிட நீண்டது, மைலேஜும் இறங்கியது. மேலே எண்ணெய் போய்ச் சேரத் தாமதமாகிறது என்றால், ஆயிலை மிச்சம் பிடித்து இன்ஜினைத் தேய்ப்பதாகும். மறுபடி 10டபிள்யூ-40. எண்ணெய் எரிவது மட்டுமில்லை, ஆவியாகவும் போகும். நோஆக் என்ற சோதனையில் 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்று பார்க்கிறார்கள். ஒரே கிரேடில் இரண்டு ஆயில் வாங்க யோசித்தால், அந்த எண் குறைவாக இருப்பதை எடுங்கள், தயாரிப்பாளரின் தகவல் தாளில் இருக்கும். ஆயில் குடிப்பதை நிறுத்தும் என்று விற்கும் பாட்டில் மருந்துகளை நான் தொடவில்லை.

2024-இல் பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போனபோது புகைச் சோதனையில் தடையில்லாமல் தேறியது. ஆயில் புகை தொடர்ந்து போயிருந்தால் அதில் உள்ள பாஸ்பரஸ், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்திருக்கும், அதன் விலை சீல் வேலையைப்போலப் பல மடங்கு.

போன ஞாயிறு அளவு: மேல் புள்ளிக்கு 4 மி.மீ. கீழே. அட்டவணைப்படி 130 மில்லி குறைவு, கடைசியாக ஊற்றி 910 கிலோமீட்டர். 2,20,000-இல் மறுபடி கம்ப்ரஷன் பார்க்கலாம் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார், முக்கியமாக அந்த மூன்றாவது சிலிண்டரை. அதுவரை டிக்கியில் ஒரு லிட்டர் கேன், புனல், பழைய பனியன் துணி.