ரத்தம் எடுத்த நேரம் பொய்யாக அச்சான சி.டி.எக்ஸ். அறிக்கை

எலும்புப்புரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் பரிசோதனைக்கூடத்துக்குப் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

என் தாயாருக்கு வாரம் ஒருமுறை 70 மில்லிகிராம் அலெண்ட்ரோனேட் மாத்திரையைத் தொடங்குவதற்கு முன்பும், மூன்று மாதம் கழித்தும், எலும்பு கரைவதைக் காட்டும் சி.டி.எக்ஸ்., எலும்பு உருவாவதைக் காட்டும் பி1என்பி ஆகிய இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் பார்க்கும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அடர்த்தி ஸ்கேனில் மாற்றம் தெரிய ஓராண்டுக்கு மேலாகலாம்; மாத்திரை வேலை செய்கிறதா என்பதை இவை சில மாதங்களிலேயே காட்டிவிடும். ஆனால், சி.டி.எக்ஸ். அதிகாலையில் உயர்ந்து பிற்பகலில் இறங்கும். சாப்பிட்டால் இன்னும் இறங்கும். ஆகவே காலையில், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும் என்று சீட்டிலேயே குறித்திருந்தார்.

எட்டு மணிக்கு வர வேண்டிய ஊழியர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். சீட்டைக் காட்டிக் கேட்டபோது, சர்க்கரைக்கு மட்டுமே வெறும் வயிறு தேவை என்று கூடத்திலிருந்தே தொலைபேசியில் உறுதி கூறினார்கள். வந்த சி.டி.எக்ஸ். அளவு மில்லிலிட்டருக்கு 310 பிகோகிராம். மூன்று மாதம் கழித்து முறைப்படி காலையில் எடுத்தபோது 290. மாத்திரை வேலை செய்தால் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது இறங்கியிருக்க வேண்டிய அளவு இது. இரண்டையும் வரைபடமாக்கி, ‘சிகிச்சைக்குப் பலன் இல்லை’ என்று சிவப்பில் அச்சிட்டு, மறுநாளே அழைத்து, ஆண்டுக்கொருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமில மருந்துக்குத் தங்கள் மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள்.

எங்கள் மருத்துவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். நேரத்தாலும் உணவாலும் அதிகம் மாறாத, மாத்திரை வேலை செய்தால் இறங்கும் பி1என்பி 64இலிருந்து 36 ஆகியிருந்தது. மாத்திரை வேலை செய்கிறது, முதல் சி.டி.எக்ஸ். அளவுதான் செயற்கையாகத் தாழ்ந்திருக்கிறது என்றார்.

இதையும் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். ஆனால் முதல் அறிக்கையில், ரத்தம் எடுத்த நேரம் காலை 8.10 என்று அச்சாகியிருக்கிறது. ஊழியருக்கு நான் பணம் அனுப்பிய ரசீதிலோ பிற்பகல் 3.22. முன்பதிவு செய்த நேரத்தையே கணினி எடுத்துக்கொள்ளும் என்பது அவர்கள் விளக்கம். மருத்துவர் நம்பி முடிவெடுக்கும் தாளில் இப்படி ஒரு நேரத்தை அச்சிடுவது ஏமாற்று வேலை என்றே சொல்வேன். பணத்தைத் திருப்பித் தரவில்லை. தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள்!

ரத்தம் எடுத்ததும் குழாயின் ஒட்டுத்தாளில் நேரத்தை எழுதச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறையும் ஒரே கூடமா, ஒரே கருவியா என்று கேளுங்கள். கருவி மாறினால் அளவுகளை ஒப்பிட முடியாது. முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை எடுப்பவர்களும், அண்மையில் எலும்பு முறிந்தவர்களும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், இரண்டுமே அளவைத் திரித்துவிடும். கூடத்தின் தொலைபேசி அழைப்பை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.