3 வருடம் மைக்ரோபிட்டோடு குப்பை கொட்டிய அனுபவம்

பள்ளி விட்டதும் வாரம் 2 நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம், 3 முதல் 5ஆம் வகுப்பு வரை 16 பிள்ளைகளுக்கு ரோபோ, கோடிங் கற்றுத் தருகிறேன். கையில் இருப்பது 8 மைக்ரோபிட் போர்டு (பிள்ளைகள் கோடிங் பழகுவதற்கான கையடக்கக் குட்டி கம்ப்யூட்டர்), இருவருக்கு ஒன்று. எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: போர்டை தைரியமாக வாங்குங்கள், அந்தப் போர்டை வைத்து ஓட்டும் கார் செட்டை யோசித்து வாங்குங்கள்.

என்னிடம் இருப்பது 2020இல் வந்த இரண்டாம் பதிப்பு. 25 குட்டி விளக்கு, 2 பட்டன், அசைவை உணரும் சென்சார், ஸ்பீக்கர், மைக் எல்லாம் போர்டிலேயே இருப்பதால் ஒரு வயர்கூட இணைக்காமல் முதல் வகுப்பிலேயே எதையாவது மினுக்க வைத்துவிடலாம். (ஸ்பீக்கர் வரமா சாபமா என்பது 8 போர்டும் ஒரே நேரத்தில் கத்தும்போது தெரியும்.) பெஞ்சிலிருந்து விழுந்து, மிதிபட்டு, 7 போர்டு இன்னும் வேலை செய்கின்றன. எட்டாவது, யாரோ கேபிளில் கால் தடுக்கியதில் யுஎஸ்பி வாய் பெயர்ந்து போனது.

கேபிள் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆரம்பத்தில் 2 வகுப்பு அதிலேயே வீணானது. போர்டில் விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டர் மட்டும் கண்டுகொள்ளவே இல்லை; நான் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், வீட்டில் கிடந்த சார்ஜ் ஏற்றும் கேபிள்களைக் கொண்டுவந்திருக்கிறேன், அவற்றில் டேட்டா போகும் வயரே கிடையாது. இப்போது நல்ல கேபிள்களுக்கெல்லாம் சிவப்பு நகப்பூச்சு வைத்திருக்கிறேன்.

கார் செட்டுக்கு வருவோம். மஞ்சள் நிற மோட்டார் இரண்டுக்கும் ஒரே வேகம் கொடுத்தாலும் வண்டி நேராகப் போகாது. "மிஸ், கோடிங் சரியாத்தான் இருக்கு, இதுக்குத்தான் நடக்கத் தெரியல" என்றாள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. தரையில் டேப் ஒட்டி, ஒரு பக்க வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒரு வழியாக நேராக ஓட்டிவிட்டாள். அடுத்த வாரம் பேட்டரி இறங்கியிருந்தது, அதே கோடிங், வண்டி முக்கால் திருப்பத்தில் நின்றுவிட்டது. அவளுக்கு அது சுவாரஸ்யம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கோ அழுகை. அதனால் சின்னவர்களுக்கு இப்போது காரே கிடையாது, ஸ்கிராட்ச் என்ற கோடிங் மென்பொருளில், திரையிலேயே பூனையை நகர்த்தட்டும்.

நான் திட்டமிடாமலேயே அமைந்த நல்ல வகுப்பு ரேடியோ வகுப்புதான். ஒரே குரூப் எண் வைத்த போர்டுகள் வயர் இல்லாமலேயே ரேடியோ வழியாகச் செய்தி அனுப்பிக்கொள்ளும். எல்லோரும் என்னைப் பார்த்து குரூப் எண் 1 என்றே போட்டுவிட்டார்கள், ஒருத்தன் பட்டனை அழுத்தியதும் அறை முழுக்க இதயம் தெரிந்தது. ஒரே கூச்சல், அடங்கப் பத்து நிமிடம் ஆனது. சரி, 0 முதல் 255 வரை ஆளுக்கொரு ரகசிய எண் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்புறம் ஒரு ஜோடி தங்கள் எண்ணை ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போய் பக்கத்து மேசையின் எண்ணைப் பிடித்து, அங்கே பேய் முகம் அனுப்பத் தொடங்கிவிட்டது.

வரும் வருடம் காருக்கு ஒதுக்கிய பணத்தில் 2 உபரி போர்டும் ரீசார்ஜ் பேட்டரிகளும் வாங்கப்போகிறேன். பேட்டரிப் பெட்டியை வயரைப் பிடித்து இழுக்கிற பழக்கத்துக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை, மாதம் ஒன்றாவது பிய்ந்து வருகிறது.