கேம்பர் வேனுக்கு ட்யூபுலரா, லித்தியமா?

பெங்களூரில் வேனை வீடாக்கும் நம்மவர்கள் கட்டில், சிங்க், ஃபிரிட்ஜ் எல்லாம் முடிவு செய்துவிட்டு, பேட்டரியைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியதே அதுதான். எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியை இதற்குத் தொடவே கூடாது. விளக்கு, ஃபேன், தண்ணீர் மோட்டாருக்கு 12 வோல்ட்டில் தனி பேட்டரி வேண்டும்.

வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிற 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) ட்யூபுலர் லெட்-ஆசிட் பேட்டரியையே வைத்துவிடலாம் என்று பலருக்குத் தோன்றும். விலை குறைவு, எங்கேயும் கிடைக்கும். ஆனால் 12 வோல்ட்டில் 150 ஏ.எச். என்றால் 1,800 வாட்-மணி. அதில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். ஆக கைக்கு வருவது 900. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 100 ஏ.எச். போதும்: அதன் 12.8 வோல்ட் கணக்கில் வரும் 1,280 வாட்-மணியில் ஆயிரத்துக்கு மேல் தைரியமாக எடுக்கலாம். ட்யூபுலர் ஐம்பது கிலோவைத் தாண்டும், இது பன்னிரண்டு கிலோ சுற்று. ட்யூபுலரில் ஆசிட் வேறு; சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். குழந்தைகள் தூங்குகிற மூடிய வண்டிக்குள் அதை நான் வைக்க மாட்டேன். ஏஜிஎம் என்கிற சீல் செய்த லெட்-ஆசிட் பேட்டரியில் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, ஆனால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்ற கணக்கு அதற்கும் உண்டு.

உண்மையான வித்தியாசம் சார்ஜ் ஏறுவதில்தான். ட்யூபுலரின் கடைசி இருபது சதவீதம் மணிக்கணக்கில் இழுக்கும். லித்தியத்துக்கு, வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரில் (எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி) இருந்து அளவோடு சார்ஜ் ஏற்றும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் போட்டால், ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஏற்காடு போய்ச் சேர்வதற்குள் கிட்டத்தட்ட நிரம்பிவிடும். அந்த சார்ஜர் இல்லாமல் நேராக ஆல்டர்னேட்டரில் இணைக்காதீர்கள். லித்தியம் கரண்ட்டை அள்ளி இழுக்கும், ஆல்டர்னேட்டர் சூடாகிக் கெட்டுப்போகும்.

லித்தியத்துக்கும் ஒரு குறை உண்டு. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல் பாழாகும். பெங்களூர்க் குளிருக்குப் பயமில்லை. லடாக், ஸ்பிட்டி போகிறவர்கள் ஹீட்டர் உள்ள மாடலாகப் பார்க்க வேண்டும்.

அப்புறம், இண்டக்‌ஷன் அடுப்பு ஆசை. 2,000 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 167 ஆம்பியர். இன்வெர்ட்டர் இழப்பைச் சேர்த்தால் 180-ஐத் தாண்டும். 100 ஆம்பியர் வரம்புள்ள லித்தியம் பேட்டரி சட்டென்று கட் ஆகிவிடும், ட்யூபுலரில் வோல்ட்டேஜ் சரிந்துவிடும். சமையலை கேஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு லித்தியத்துக்கு. பட்ஜெட் இடித்தால் சோலார் பேனலைத் தள்ளிப்போடுங்கள். எஸ்.பி. ரோட்டில் வாங்கும் காப்பர் கேபிளின் தடிமனிலும், பேட்டரி பாசிட்டிவ் முனையை ஒட்டியே போட வேண்டிய ஃபியூஸிலும் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.