பேபி சீட் தர்றோம்னு சொல்ற டிராவல்ஸ்: வேலூர்க்காரர்கள் கவனத்துக்கு

வேலூரிலிருந்து பெங்களூர் ஏர்போர்ட்டுக்குக் கைக்குழந்தையோடு வாடகைக் கார் எடுக்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் போடுங்கள்.

நம்ம ஊர் டிராவல்ஸ்தான். புகார் கொடுத்திருப்பதால் பெயர் எழுதவில்லை. போனில் ஓனர் தேனொழுகப் பேசினார். "செடான் வண்டி மேடம், டிக்கி முழுசா உங்களுக்குத்தான். பேபி சீட் போட்டுத் தரேன், அதுக்குத் தனியா 500." வாட்ஸ்அப்பில் போட்டோவும் அனுப்பினார். வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து குழந்தை உட்காரும் வகை, தோளுக்கும் இடுப்புக்கும் வார் இருந்தது. பத்து மாதக் குழந்தை, எட்டு கிலோ என்று எடை வரைக்கும் சொல்லித்தான் 2,000 ரூபாய் ஜிபே செய்தோம்.

விடியற்காலை மூன்று மணிக்கு வாசலில் வந்து நின்றது வெள்ளை போர்டு வண்டி. டிக்கியைத் திறந்தால் பாதி இடத்தை சிஎன்ஜி சிலிண்டர் அடைத்துக்கொண்டிருக்கிறது. சூட்கேஸ்கள், ஸ்ட்ரோலர், அத்தை கட்டிக்கொடுத்த முறுக்கு டின், எதை எங்கே வைப்பது? பேபி சீட் என்று டிரைவர் எடுத்து வைத்தது முதுகில்லாத பூஸ்டர். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கொஞ்சம் உயர்த்தி உட்காரவைத்து, கார் பெல்ட் கழுத்தில் உரசாமல் தோளில் விழச் செய்வதற்கான திண்டு அது. அதற்கென்று வார் கிடையாது. அடியில் இருந்த ஸ்டிக்கரிலேயே 15-36 கிலோ என்று அச்சடித்திருக்கிறது! சரியாக உட்காரவே வராத குழந்தையை அதில் எப்படி வைப்பது?

ஓனருக்கு விடாமல் போன் அடித்தபிறகு எடுத்தார். "மடியில வச்சுக்கங்க மேடம், நம்ம பக்கம் யாரு கேக்கறாங்க?" சட்டம் கேட்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் வண்டி ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள், நெடுஞ்சாலை வேகத்தில் எதிலாவது மோதினால் மடியிலிருக்கும் குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது.

அந்த நேரத்தில் வேறு வண்டிக்கு எங்கே போக? ஃப்ளைட் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்கிறார்களே, அது வண்டி அனுப்புவதற்கு மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம்.

டிரைவர் பாவம், சின்னப் பையன். அவசரத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கேரியரில் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டார். பள்ளிகொண்டா டோல் தாண்டி, வாணியம்பாடியும் தாண்டியபிறகு குழந்தை டயப்பரை நனைத்து, பாலையும் கக்கியது. மாற்றுத்துணி, டயப்பர், பால் பவுடர், பிளாஸ்க் எல்லாம் தலைக்கு மேலே. நாட்றம்பள்ளிக்கிட்ட ரோட்டோரம் நிறுத்தி, லாரிகள் உறுமிக்கொண்டு போக, அவர் முடிச்சவிழ்த்தார். பெரியவன் வேறு "இன்னும் ஏர்போர்ட் வரலியா" என்று அழ ஆரம்பித்தான். பால், டயப்பர், ஒரு செட் துணி, ஈரத் துணி போட ஒரு கவர், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் (இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஏர்போர்ட்டில் வயதுச் சான்று கேட்பார்கள்) இவை இருக்கும் பையை யார் கேட்டாலும் ஏற்றக் கொடுக்காதீர்கள். அது காலடியில்தான் இருக்கவேண்டும்.

ஓசூர் தாண்டி கர்நாடக எல்லை நெருங்கும்போது டிரைவர் சொன்னதுதான் உச்சம்: "அத்திப்பள்ளியில நிறுத்துனா சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க அக்கா." வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் போர்டும் பர்மிட்டும் வேண்டும். சொந்த உபயோகத்துக்கான காரை வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க இடமிருக்கிறது.

இனி வண்டி பேசும்போது நான் கேட்கப்போவது இவ்வளவுதான். நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி அந்த வண்டியின் போட்டோ, டிக்கி திறந்தபடி ஒன்று, சீட்டின் எடை ஸ்டிக்கர் ஒன்று. முதல் நாள் சாயங்காலமே சீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிக் காட்டினால்தான் சீட் வாடகை. கூகுளில் கிடைக்கிற போட்டோவை யாரும் அனுப்பிவிடலாம்.

இறங்கும்போது பேட்டா, டோல், சீட்டுக்கு 500 என்று ஒரு பைசா குறையாமல் வாங்கிக்கொண்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். வாட்ஸ்அப் உரையாடலும் ஜிபே ரசீதும் அழிக்காமல் இருந்தது நல்லதாயிற்று. அதன்பிறகு ஓனரே கூப்பிட்டார். பணம் திரும்ப வருமா என்றால், "ரிட்டர்ன் டிரிப்புக்கு நம்ம வண்டியே எடுங்க மேடம், அதுல கழிச்சுக்கலாம்" என்கிறார்.