வைகைக் கரை வழிகாட்டி நடை: ஒரு மதிப்புரை

சோழவந்தானில் தொடங்கும் இந்நடையின் சிறப்பு, வைகையை வெறும் மணற்பரப்பாகக் காட்டாமல், வருசநாட்டு மலைகளில் பிறந்து ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடி, இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, மிஞ்சிய நீரை மட்டுமே கடலுக்கு அனுப்பும் பாசன ஆறாக விளக்குவதில் இருக்கிறது. மேற்கே பாயவேண்டிய பெரியாற்று நீர் 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இங்கு வருவதை வழிகாட்டி வரைபடத்தோடு பொறுமையாகச் சொன்னார். மணலில் ஊற்றுத் தோண்டி, ஆற்று மணலே நிலத்தடி நீரைக் காக்கிறது என்று காட்டிய பகுதி மிக அருமை. வெற்றிலைக் கொடிக்கால்களையும் பார்க்கலாம். கட்டணம் நியாயமானது. ஆனால் மதுரை நகருக்குள் கலக்கும் கழிவுநீரையும், படுகையை அடைத்திருக்கும் சீமைக்கருவேலத்தையும் ஒரே வரியில் கடந்துவிடுவது பெருங்குறை. மதுரையைக் கடந்ததும் ஆற்றின் குறுக்கே உள்ள விரகனூர் மதகணையையும் சேர்த்துக்கொண்டால் அக்குறை நீங்கும். வெயில் ஏறுமுன் நடக்க ஏதுவான தை மாதத்தில் செல்வது நல்லது.