கேமராவா, வாட்ச்மேனா, பக்கத்து வீடா? கடலூரில் ஒரு தெருவின் காவல் கணக்கு

போன தீபாவளிக்கு முந்தின வாரம், செம்மண்டலம் பக்கம் எங்கள் தெருவில் ஒரு வீட்டின் பூட்டை உடைத்துவிட்டார்கள். வீட்டுக்காரர்கள் திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய், அப்படியே சிதம்பரத்தில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கியிருந்தார்கள். அந்த ஒரு ராத்திரியே போதுமாக இருந்தது. மகளுக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த நகை முழுக்கப் போய்விட்டது. திறந்து கிடந்த பீரோவுக்கு முன்னால் அந்த அம்மா தரையில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் முப்பது வீட்டுக்காரர்களும் கூடினோம். கேமரா வைக்கலாம் என்றார்கள் சிலர். வாட்ச்மேன் போடலாம் என்றார்கள் சிலர். ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்துக்கொண்டாலே போதும் என்றார் எதிர்வீட்டு அக்கா. மூன்றையும் விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

கேமராவுக்குத்தான் ஆதரவு அதிகம். சென்னையில் போலீஸே ‘மூன்றாவது கண்’ என்று பெயர் வைத்துத் தெருத்தெருவாகப் பொருத்த வைத்த பிறகு, எல்லா ஊரிலும் அந்த நம்பிக்கை வந்துவிட்டது. நான்கு கேமரா, படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி, ஹார்ட் டிஸ்க், ஒயரிங் எல்லாம் சேர்த்து எங்களுக்குச் சொன்ன விலை முப்பதாயிரம். வீட்டுக்கு ஆயிரம்தான், ஒரே செலவோடு முடிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் திருட்டு நடந்த ராத்திரியும் எங்கள் முனை வீட்டில் ஒரு கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பதிவை நானும் பார்த்தேன். ராத்திரியில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும். லென்ஸுக்குக் குறுக்கே வெள்ளை வெள்ளையாக நூலாடுகிறது. அதற்குப் பின்னால் ஒரு பைக்கில் இரண்டு உருவம். நம்பர் பிளேட்டில் வெளிச்சம் பட்டு வெறும் வெள்ளைக் கட்டமாகத் தெரிகிறது. முதல் மாடி உயரத்தில் மாட்டியிருந்ததால் முகமும் இல்லை, தலை மட்டும்தான். போதாததற்கு டிவிஆரின் கடிகாரம் நாற்பது நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

கடலோர ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக்காற்றில் ஒயர் முனைகள் பச்சை பூத்து, படம் ஒவ்வொன்றாக அணைந்துவிடும். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரண்ட் இல்லாத அந்த நாட்களில்தான் காவல் அதிகம் தேவைப்படும், கேமரா கண்ணை மூடுவதும் அப்போதுதான். பதிவும் நிரந்தரமில்லை. டிஸ்க்கின் அளவைப் பொறுத்து, இரண்டு மூன்று வாரத்தில் பழையதன் மேல் புதியது ஏறிவிடும். ஆகவே திருட்டு நடந்தால் டிவிஆரை நோண்டாமல் முதலில் போலீஸிடம் சொல்லுங்கள். 2024 ஜூலையில் வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, பதிவை நகலெடுத்துக் கோர்ட்டில் காட்டச் சான்றிதழ் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த துண்டு வீடியோவை மட்டும் நம்பி அங்கே போய் நிற்க முடியாது.

வாட்ச்மேன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்பு விசில் ஊதி, தடியால் கரண்ட் கம்பத்தில் தட்டிக்கொண்டே போகும் கூர்க்காவுக்கு மாதம் ஐம்பதோ நூறோ கொடுத்தோம். அந்தச் சத்தம் கேட்டால் தூக்கம் நன்றாக வரும். ஆனால் அவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று திருடனுக்கும் அதே சத்தம் சொல்லிவிடும். இன்றைக்கு முறையான ஆள் போட்டால் மாதம் பன்னிரண்டாயிரமாவது ஆகும், வீட்டுக்கு நானூறு. பலர் மூன்றாவது மாதமே கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். வருகிறவரோ பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர். உட்கார நாற்காலியும் ஒதுங்க ஒரு கழிப்பறையும் தராமல், கத்தியோடு வருகிறவனை அவர் தடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. நூறு வீட்டு குடியிருப்பு, ஒரே ஒரு கேட் என்றால் வாட்ச்மேன் சரி. நான்கு பக்கமும் திறந்த தெருவுக்கு அவர் ஒருவர் போதாது. போட்டே ஆக வேண்டும் என்றால், தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கான 2005 சட்டப்படி உரிமம் வாங்கிய ஏஜென்சி மூலம் போடுங்கள். ஆளின் பின்னணியைச் சரிபார்க்கும் பொறுப்பு அவர்களுக்கு உண்டு.

இப்போது எதிர்வீட்டு அக்கா சொன்னதற்கு வருகிறேன். செலவே இல்லாததால் யாரும் முதலில் அதை மதிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று திருடனுக்கு எப்படித் தெரிந்தது? கிரில் கேட்டில் வெளிப்பக்கம் பெரிய பூட்டு, வாசலில் இரண்டு பால் பாக்கெட், நனைந்த பேப்பர், கோலம் இல்லாத தரை. தெருவுக்கே கேட்கும்படி வீடு சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் கவனிக்கவில்லை. பால் பாக்கெட்டை எடுத்து வைக்க, வாசல் தெளித்து இரண்டு இழை கோலம் போட, சாயங்காலம் லைட் போட்டு அணைக்க ஓர் ஆள் இருந்தால் அந்த வீடு பூட்டிய வீடாகவே தெரியாது. சாவியை மட்டும் மீட்டர் பெட்டியிலோ செருப்பு ஸ்டாண்டிலோ வைக்காதீர்கள், கையில் கொடுங்கள். கூடவே ஊருக்குப் போகிற தேதியை ஸ்டேஷனில் சொல்லிவிட்டால் ரோந்து வருகிற போலீஸ் அந்த வீட்டையும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இந்த வழியிலும் ஓர் ஆபத்து இருக்கிறது, அதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவிய நேரத்தில், திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கோயிலுக்கு வந்திருந்த ஒரு மூதாட்டியை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. குழந்தைகளுக்கு அவர் சாக்லேட் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவிலும் திருட்டுக்கு மறுநாளே, பழைய பேப்பர் வாங்க வந்த ஒருவரின் போட்டோவைப் போட்டு ‘இவன்தான்’ என்று எழுதிவிட்டார்கள். அழிக்க வைப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. சந்தேகம் வந்தால் 100 அல்லது 112க்குப் போன் செய்ய வேண்டும், அதோடு நம் வேலை முடிந்தது. கண்ணெதிரே திருடும்போது பிடித்தாலும், தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது சட்டம். அடிக்க யாருக்கும் உரிமை இல்லை.

என் ஓட்டு அக்காவுக்குத்தான். கூட்டத்தில் அப்படியே சொன்னேன். தெரு முனையில் மாதக்கணக்கில் எரியாத விளக்குக்கு மாநகராட்சியில் மனு கொடுத்தோம். நான்கு கேமராவுக்குப் பதில் முனையில் ஒன்று மட்டும், முகம் தெரிகிற உயரத்தில், யுபிஎஸ்ஸோடு மாட்டினோம். சிலந்தி வலையைத் துடைத்து, கடிகாரத்தைச் சரிபார்க்க மாதம் ஒரு வீட்டுக்கு முறை. வாட்ச்மேன் இப்போதைக்கு இல்லை. பொங்கலுக்கு நாங்கள் நெய்வேலி போகிறோம். சாவி அக்காவிடம் இருக்கும். எங்கள் வாசலில் அவர் எந்தக் கோலம் போடப் போகிறார் என்று என் மகள் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.