ஆறு மழைக்காலம் கண்ட எங்கள் பலாமரப் பல்லாங்குழி

2019 பொங்கலுக்கு முந்தின வாரம் கும்பகோணத்தில் இந்தப் பலாமரப் பல்லாங்குழியை வாங்கினேன். மாயவரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அது ஆறு மழைக்காலங்களைப் பார்த்துவிட்டது. அதற்கு முன்பு பிளாஸ்டிக் பலகையும் பிளாஸ்டிக் மணிகளும் வைத்திருந்தோம். அதே 14 குழிகள், அதே விதிகள். ஆனாலும் பிள்ளைகள் ஒரு ஆட்டத்தோடு எழுந்துபோய்விடுவார்கள். இப்போது சாப்பிடக் கூப்பிட்டால், "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்கிறார்கள்.

என் மாமியார் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. கொட்டைகளைப் போட்டுக்கொண்டே வந்து அடுத்த குழி காலியாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுக்க வேண்டும் அல்லவா? அவர் நான்கு விரல்களையும் குழிக்குள் விட்டு ஒரு வழி வழிப்பார். மரம் அந்த இடத்தில் எண்ணெய் ஊறி மின்னுகிறது. பிளாஸ்டிக் பலகையில் நகம் கீறும். யாரும் அப்படி ஆசையாகத் துடைத்ததே இல்லை.

கொட்டை விஷயத்தில்தான் நிறையத் தடுமாறினேன். புளியங்கொட்டை மர நிறத்தோடு கலந்துவிடுவதால், விளக்கு வைக்கும் நேரத்தில் குழியில் நான்கு சேர்ந்து, எடுத்துக்கொள்ள வேண்டிய ‘பசு’ ஆனதே தெரியாமல் போகும். சோழி பார்க்க அழகு, ஆனால் எட்டு ஒன்பது சேர்ந்தால் குழி நிரம்பி வழிகிறது. கடைசியில் மஞ்சாடி விதைக்கு வந்தோம். பழுப்பு மரத்தில் அந்தச் சிவப்பு பளிச்சென்று தெரிகிறது. ஆறு வருடத்தில் நிறம் மங்கவில்லை. ஒரு கிராமுக்கு ஏறக்குறைய நான்கு விதைகள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நகைகளின் எடையைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்றுதான் பொறித்திருக்கிறார்கள். 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. பொன்னை நிறுக்கும் அளவுக்கு ஒன்றுபோல் இருக்கும் விதை என்பதால் கைக்கும் சீக்கிரம் பழகிவிடுகிறது. கண்புரை அறுவை முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு இருந்த நாட்களிலும் மாமியார் தடவிப் பார்த்தே பசுவை எடுத்தார்.

குன்றிமணி இதைவிட அழகுதான். ஆனால் அதன் பருப்பு கொடிய விஷம். மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

குறைகளும் உண்டு. கடையில் பூசியிருந்த வார்னிஷ் முதல் ஐப்பசி மழையிலேயே பிசுபிசுத்தது. உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவத் தொடங்கினோம். பலகையை மடக்கும் இரும்புக் கீல் இரண்டாம் வருடமே துருப்பிடித்ததால் பித்தளையில் மாற்றினோம். குழிக்கு ஐந்து வீதம் 70 விதை போதும் என்றாலும், சோபாவுக்கு அடியில் உருண்டுபோவதை நினைத்து நூறாக வாங்கி வைப்பது நல்லது.

நாச்சியார்கோவிலில் வாங்கிய பித்தளைத் தாயக்கட்டையிலும் இதே அனுபவம்தான். இரண்டு கட்டைகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவே உரசி உருட்டும்போது சிமெண்டுத் தரையில் எழும் அந்தக் கணீர் ஓசைக்காகவே, ஆடாதவர்களும் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "தாயமா?" என்று கேட்பார்கள். கறுத்தால் புளி போட்டுத் தேய்த்தால் போதும்.

பல்லாங்குழி வாங்கப் போகிறவர்கள், மடக்காத ஒற்றைப் பலகை கிடைத்தால் அதையே எடுங்கள். மேலே செதுக்கிய மயிலையும் பூவையும் பார்ப்பதற்கு முன்னால் குழிக்குள் விரல்விட்டு வழித்துப் பாருங்கள். சொரசொரத்தால் அடுத்ததை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.